இலவசக் கூப்பனும் கவுண்டர் தகராறும்: காரைக்குடி பக்கத்துக் கடைக்காரர்களுக்கு

"இந்தக் கூப்பன் இங்க செல்லாதுங்க." சிக்கன் கடையிலோ பீட்சா கடையிலோ கேஷியர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்துவிட்டால், அடுத்த பத்து நிமிடத்துக்கு வரிசை நகராது. பழி அந்தப் பையன் மேல்தான் விழும். ஆனால் தவறு நடந்த இடம் கவுண்டர் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு கூப்பனின் வாசகத்தை யாரோ எழுதி, யாரும் திருப்பிப் படிக்காமல் அச்சுக்கு அனுப்பினார்களே, அங்கேதான் நடந்தது.

கம்பெனி வேறு, கடை எடுத்து நடத்துபவர் வேறு என்பது உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். நூறடி ரோட்டில் நின்று பலகையைப் பார்க்கிறவருக்கு ஒரே பெயர்தான் தெரியும். அந்தப் பெயர் வாக்குக் கொடுத்தது, அந்தப் பெயர்தான் மறுக்கிறது. அதிலும் இது எழுத்துக்கு மதிப்புக் கொடுக்கும் சீமை. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்கள், மொய்யைப் பைசா சுத்தமாக ஏட்டில் ஏற்றி வைக்கிறவர்கள் இருக்கும் ஊரில், அச்சில் கொடுத்த வார்த்தையை "சும்மா விளம்பரத்துக்குப் போட்டது" என்று சொல்லித் தப்ப முடியாது. தப்பவும் கூடாது.

அச்சுக்குப் போகும் முன்

கூப்பனில் இருக்க வேண்டியவை எவை என்று கேட்டால், கவுண்டரில் வரக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் என்பதே விடை. எந்தெந்தக் கிளையில் செல்லும் என்று ஊரும் தெருவும் சேர்த்துப் போடுங்கள். "காரைக்குடி" என்று மட்டும் போட்டால் பஸ் ஸ்டாண்டு கிளையிலும் கழனிவாசல் கிளையிலும் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் உண்டு. கடைசித் தேதியோடு மணியையும் போடுங்கள். கடை 11 மணிக்கு மூடினாலும் சிக்கன் பொரிக்கும் பிரையரை 10.15-க்கு அணைத்துவிடுவீர்கள் என்றால், "இரவு 10 மணி வரை" என்று எழுதுவதுதான் நேர்மை. இலவசமாகத் தருவது என்ன? "ஒரு சிக்கன் பீஸ்" என்றால் லெக் பீஸ் கேட்பவருக்கும் விங்ஸ் கொடுப்பவருக்கும் சண்டை நிச்சயம். பீஸின் பெயர், பர்கரின் பெயர், கூல்டிரிங்ஸ் என்றால் எத்தனை மில்லி என்பது வரை வேண்டும். உட்கார்ந்து சாப்பிட மட்டுமா, பார்சலுக்கும் உண்டா, டெலிவரி ஆப்பில் செல்லுமா? ஒரு பில்லுக்கு ஒன்றா, ஒரு ஆளுக்கு ஒன்றா? ஜெராக்ஸ் செல்லுமா, போன் திரையில் காட்டினால் போதுமா? வேறு ஆஃபரோடு சேருமா?

இதில் அதிகம் கோட்டை விடப்படுவது குறைந்தபட்சப் பில் தொகை. "300 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு லெக் பீஸ் இலவசம்" என்று இருக்கிறது. வாடிக்கையாளர் 290 ரூபாய்க்கு வாங்குகிறார். 5 சதவீத ஜிஎஸ்டி 14.50 சேர்ந்து 304.50 ஆகிறது. அவர் கணக்கில் 300 தாண்டிவிட்டது, கம்ப்யூட்டர் கணக்கில் தாண்டவில்லை. இப்படி இரண்டு பொருள் தரும் வாசகம் இருந்தால், அதை எழுதியவருக்கு எதிரான பொருளைத்தான் எடுத்துக்கொள்வது சட்டத்தின் பொதுவான போக்கு. எனவே "வரி சேர்க்காமல் 300 ரூபாய்" என்று இரண்டு வார்த்தை கூடுதலாக அச்சிடுங்கள். விட்டுப் போயிருந்தால் பீஸைக் கொடுத்துவிடுங்கள், வாதாடாதீர்கள்.

சட்டமும் இந்த இடத்தில் தெளிவாகப் பேசுகிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும், அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்று அதில் உள்ளது. ஆளுயர ஃபிளெக்ஸில் "இலவசம்!" என்று தமிழில் போட்டுவிட்டு, அடியில் எறும்பு ஊர்ந்தது போல நிபந்தனையை ஆங்கிலத்தில் போடுவது இந்த ஊரில் தினமும் பார்க்கிற காட்சி. அது செல்லாத வேலை. கம்பெனி அனுப்பும் டிசைன் அப்படி வந்தால், தமிழ் நிபந்தனை சேர்த்துத் தரச் சொல்லி மெயில் போடுங்கள். காம்போ விலைக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கூல்டிரிங்ஸை "இலவசம்" என்று சொல்வதையும் அதே நெறிகள் தடுக்கின்றன. ஸ்டாக் குறைவு என்று தெரிந்தே ஆள் சேர்க்க விளம்பரம் செய்வதும் அப்படித்தான். போதுமான சரக்கு கையில் இருக்க வேண்டும், குறைவாக இருந்தால் அதை விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

எத்தனை அச்சிடலாம்

எல்லாக் கூப்பனும் திரும்பி வந்தால் தாங்குமா என்று மட்டும் பாருங்கள். பீஸின் அடக்கம் 48 ரூபாய், பேக்கிங் 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கூப்பன் 52 ரூபாய். 2,000 கூப்பன் என்றால் 1,04,000 ரூபாய். "எப்படியும் பாதிதான் வரும்" என்று நினைத்து இறங்காதீர்கள். அந்த லட்சத்துச் சொச்சத்தைத் தாங்க முடியாதென்றால் 1,000 அச்சிடுங்கள், சீரியல் நம்பரோடு.

பணம் தாங்கினாலும் பிரையர் தாங்க வேண்டுமே. ஒரு தடவைக்கு 32 பீஸ் போட்டு எடுக்க 15 நிமிடம் ஆகிறது என்றால் தாளில் மணிக்கு 128 பீஸ். எண்ணெய் மறுபடி சூடேறும் நேரம், வடிகட்டும் நேரம் எல்லாம் போக 100 கிடைத்தால் நல்லது. முதல் நாள் இரவே மசாலா தடவி ஊற வைக்கும் கறியை, மாலை ஆறு மணிக்குக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பெருக்க வழியில்லை. ஆகவே கூப்பனையே பிரித்துவிடுங்கள்: சீரியல் 1 முதல் 500 வரை முதல் வாரம், அடுத்த 500 இரண்டாம் வாரம். அல்லது திங்கள் முதல் வியாழன் வரை, மதியம் 3 முதல் 6 வரை. கல்லூரி விடும் நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் விலக்கி வையுங்கள்.

நம் பக்கத்துக்கென்று ஒரு கணக்கு உண்டு. டெல்லியிலோ மும்பையிலோ உட்கார்ந்து தேதி குறிக்கிறவர்களுக்கு அது தெரியாது. புரட்டாசி மாதம் முழுக்கக் கறி தொடாத வீடுகள் இங்கே ஏராளம். செப்டம்பர் நடுவில் கொடுத்த கூப்பனுக்கு அக்டோபர் 10 கடைசித் தேதி என்றால், அந்த வீட்டுக்காரருக்கு நீங்கள் கொடுத்தது வெறும் காகிதம். மாதம் பிறந்த மறுநாள் வந்து கேட்பார், நீங்கள் தேதி முடிந்தது என்பீர்கள். தைப்பூசத்துக்கு மாலை போட்டுக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கிறவர்கள் விஷயமும் இதேதான். கடைசித் தேதியை ஐப்பசி முதல் வாரம் தாண்டிப் போடச் சொல்லிக் கேளுங்கள். முடியாதென்றால் "அல்லது ஒரு வெஜ் பர்கர்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் கம்பெனி மசியவில்லையா, அந்த ஆஃபரில் உங்கள் கிளையைச் சேர்க்க வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது நல்லது.

கம்பெனியிடமிருந்து மெயிலில் வாங்க வேண்டியவை இன்னும் உண்டு. திரும்பி வந்த கூப்பனுக்கு உங்களுக்கு ஈடு தருவார்களா? தந்தால் மெனு விலையிலா, அடக்க விலையிலா? எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும், ஒரிஜினல் கூப்பன் வேண்டுமா, ரிப்போர்ட் போதுமா? கம்பெனிப் பெயருக்காக நீங்கள் கட்டும் ராயல்டியைத் தள்ளுபடிக்கு முந்தைய விற்பனை மேல் போடுவார்களா, பிந்தைய விற்பனை மேலா? ஏரியா மேனேஜர் போனில் சொன்னது மாதக் கடைசியில் நிற்காது. ஈடு கிடைக்குமா என்ற பயம் உள்ள கடைக்காரர்தான் கவுண்டரில் காரணம் தேடித் தேடி மறுக்கிறார். பல தகராறுகளின் வேர் இந்தப் பயத்தில்தான் இருக்கிறது.

கவுண்டரில்

ஆர்டர் எடுக்கும் முன் கேஷியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "கூப்பன் ஏதும் வச்சிருக்கீங்களாண்ணே?" இதைக் கேட்காமல் பில் போட்டுப் பணம் வாங்கிய பிறகு கூப்பன் நீட்டப்படும்போதுதான் குழப்பம் ஆரம்பம். கூப்பனை வாங்கியதும் கிளை, தேதி, சீரியல், நிபந்தனை என்று அதே வரிசையில் பார்க்கப் பழக்குங்கள். பிறகு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இதுக்கு ஒரு லெக் பீஸ் இலவசமா வரும், மத்தது 320 ரூபாய், வரியோட 336." அவர் சரி என்றபின் பில். கூப்பனில் குறுக்குக் கோடு போட்டு, பில் நம்பர் எழுதி, பில் நகலோடு ஸ்டேப்ளர் அடித்துவிட வேண்டும். கோடு போடாமல் டிராயரில் போட்ட கூப்பன் இரண்டாம் முறை வெளியே போய்த் திரும்பி வரும். ஊழியர் மேல் சந்தேகம் விழுவது அப்படித்தான்.

பணம் கட்டிய பிறகு நீட்டினால்? சாப்பாடு இன்னும் கொடுக்கவில்லை என்றால் பில்லை கேன்சல் செய்து புதிதாகப் போடுங்கள். மேனேஜர் பாஸ்வேர்டு வேண்டும் என்பதற்காக வாடிக்கையாளரைக் காக்க வைக்காமல், ஆஃபர் நாட்களில் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் எப்போதும் தளத்தில் இருக்க வேண்டும்.

வரி விஷயத்தில் வாடிக்கையாளர் கேட்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" பில்லில் 180 ரூபாய்ப் பொருள் இரண்டு, மொத்தம் 360, தள்ளுபடி 180, மீதி 180. விற்கும்போதே கொடுத்துப் பில்லிலும் காட்டிய தள்ளுபடிக்கு ஜிஎஸ்டி சட்டம் வரி கேட்பதில்லை. எனவே வரி 180-க்கு 9 ரூபாய், கட்ட வேண்டியது 189. மெஷின் 360-க்குக் கணக்கிட்டு 18 ரூபாய் வரி போட்டிருந்தால் அது செட்டிங் பிழை. ஆஃபர் தொடங்கும் முதல் நாள் காலை, கடை திறக்கும் முன், ஒரு சோதனைப் பில் போட்டுப் பார்த்துவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது.

மறுக்க வேண்டி வந்தால்

நேற்று தேதி முடிந்த கூப்பனோடு ஒரு ஆச்சி, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். 52 ரூபாய்ப் பீஸ். "ஆச்சி, இது நேத்தோட முடிஞ்சிருச்சு. இந்த ஒரு தடவை தர்றோம், அடுத்த தடவை தேதி பாத்துக்கங்க" என்று கொடுத்துவிடலாம். ஆனால் கொடுப்பதானால் அன்று வரும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். முடிந்த தேதிக்குப் பின் மூன்று நாள் சலுகை என்று கடைக்குள் ஒரு விதி வைத்து, ஊழியர் எல்லோருக்கும் சொல்லி, நோட்டில் குறித்து வாருங்கள். தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு ஒன்று என்றால், செக்காலை ரோட்டில் நடந்தது சாயங்காலத்துக்குள் தேவகோட்டை வரை போய்விடும். எட்டு மாணவர்கள் எட்டுக் கூப்பனோடு வந்து ஒரே மேஜையில் உட்கார்ந்தால், "ஒரு பில்லுக்கு ஒன்று" என்றுதானே போட்டீர்கள்? எட்டுப் பில் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுங்கள். "ஒரு மேஜைக்கு ஒன்று" என்று அப்போது புதிதாக விதி செய்யாதீர்கள்.

சொல்லவே கூடாத வார்த்தைகள் சில உண்டு. "ஓசிதானே" முதலாவது. "கம்பெனியக் கேளுங்க" இரண்டாவது. "ஆங்கிலத்துல போட்டிருக்கு, படிக்கலையா?" என்பது மூன்றாவது, இருப்பதிலேயே மோசமானது.

மறுத்தே ஆக வேண்டும் என்றால் கூப்பனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பின்புறம் தேதி, நேரம், மறுத்த காரணம், கிளையின் முத்திரை வைத்துத் திருப்பிக் கொடுங்கள். அது அவருடைய ஆதாரம். காரணம் நேர்மையானதாக இருந்தால் உங்களுக்கும் அதுவே ஆதாரம். காரணத்தை எழுதச் சொல்லும்போது கை தயங்கினால், அந்தக் காரணம் சரியில்லை என்று கேஷியருக்கே தெரிந்துவிடும். குரல் உயர்ந்தால் அவரை வரிசையிலிருந்து மேஜைக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்து, பொறுப்பில் உள்ளவர் உட்கார்ந்து பேசட்டும். அவர் போனில் வீடியோ எடுத்தால் எடுக்கட்டும், தட்டிவிடாதீர்கள். சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்து மேலே புதியது ஏறிவிடும் என்பதால் அன்றிரவே நகல் எடுத்து வையுங்கள்.

சரக்கு தீர்ந்து போன நாளுக்குத் தனி வழி வேண்டும். 2009 மே மாதம் அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரேயின் டிவி நிகழ்ச்சியில் கேஎஃப்சி கிரில் சிக்கனுக்கு இலவசக் கூப்பன் அறிவிக்கப்பட்டது. இணையத்தில் இறக்கி அச்சிட்டுக்கொண்டு வந்த கூட்டத்தைக் கடைகள் தாங்கவில்லை. பல இடங்களில் மறுத்தார்கள், கடைசியில் கம்பெனித் தலைவரே மன்னிப்புக் கேட்டு, பின்னால் வந்து வாங்கிக்கொள்ள மாற்றுச் சீட்டு தர ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. மொத்தம் எத்தனை என்று எல்லை வைக்காத கூப்பன் என்பதுதான் அங்கே கோளாறு. மாற்றுச் சீட்டு முதல் நாளே கையில் இருந்திருந்தால் பாதிக் கோபம் எழுந்திருக்காது.

உங்களுக்கு வேண்டியது 50 தாள் கொண்ட ஒரு நகல் புத்தகம். சீட்டில் வரிசை எண், தேதி, தர வேண்டிய பொருள், கூப்பன் சீரியல், இன்றிலிருந்து 15 நாள் செல்லும் என்ற வரி, கையெழுத்து, முத்திரை. மேல் தாள் வாடிக்கையாளருக்கு, கார்பன் நகல் கடைக்கு. தட்டில் 40 பீஸ் மிச்சமிருக்கும்போதே வரிசையில் நிற்பவர்களை எண்ணத் தொடங்குங்கள். 41-ஆவது ஆளிடம் அப்போதே போய்ச் சொல்லிச் சீட்டைக் கொடுங்கள். அரை மணி நேரம் நிற்க வைத்துக் கவுண்டரில் கைவிரிப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் மறக்க மாட்டார்.

போலிக் கூப்பன்

"ஆண்டு விழாவை முன்னிட்டு ஒரு பக்கெட் சிக்கன் இலவசம், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் லிங்க் உங்கள் கம்பெனியுடையதாக இருக்காது. அதை நம்பி வருகிறவர் ஏமாந்தவர், ஏமாற்ற வந்தவர் இல்லை. "இது எங்க கம்பெனி அனுப்பினது இல்லண்ணே. இதுல ஓடிபியோ பேங்க் நம்பரோ ஏதும் கொடுத்தீங்களா?" என்று கேளுங்கள். கொடுத்திருந்தால், பணம் போயிருந்தால், உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். படத்தைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, வாசலில் தமிழில் ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள்.

வாடிக்கையாளர் எங்கே போகலாம்

கடைக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம், வாடிக்கையாளருக்கும் இது பயன்படும். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார்: கூப்பனின் இரு பக்கப் படம், பில், ஃபிளெக்ஸ் படம், தேதி, நேரம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை, திருமயம், அரிமளம் பக்கத்தவருக்குப் புதுக்கோட்டை. கடை எந்த ஊரில் இருந்தாலும், புகார் செய்பவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், இணையத்திலும் கொடுக்கலாம்.

ஒரு நுணுக்கம்: பணம் கொடுத்து ஏதாவது வாங்கியவர்தான் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர். எதுவும் வாங்காமல் தெருவில் கொடுத்த கூப்பனை மட்டும் வைத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போனால் வழக்கு நிற்பது கடினம். 300 ரூபாய் பில் போட்டு அதற்குரிய இலவசம் மறுக்கப்பட்டால் நிலைமை வேறு. கொடுக்கும் எண்ணமில்லாமல் இலவசம் அறிவிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. விளம்பரமே பொய் என்றால் மாவட்ட ஆட்சியருக்கே எழுதலாம். மத்திய ஆணையம் தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

மாவட்ட ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால், "கம்பெனி பாத்துக்கும்" என்று மேஜைக்குள் போடாதீர்கள். பதில் கொடுக்க 30 நாள், ஆணையம் இசைந்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்ட முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. ஸ்டேப்ளர் அடித்த கூப்பன், மாற்றுச் சீட்டின் கார்பன் நகல், சிசிடிவி நகல், கம்பெனி மெயில் எல்லாம் அப்போது கை கொடுக்கும். இலவசமாகக் கொடுத்த பீஸ் கெட்டுப் போயிருந்தால், காசு வாங்கவில்லையே என்ற சமாதானம் எடுபடாது. விற்கும் உணவுக்கு உள்ள பாதுகாப்பு விதிகள் அதற்கும் உண்டு.

முடிந்த அன்று

கடைசித் தேதி இரவு, கடை மூடும் முன் பில் மெஷினில் ஆஃபருக்கான குறியீட்டை அணையுங்கள். வந்த கூப்பன்களைச் சீரியல்படி அடுக்கி, எண்ணிக்கையை மெஷின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு, மறுநாளே கம்பெனிக்கு அனுப்புங்கள். மிச்சமிருக்கும் அச்சிட்ட கூப்பன்களைக் கிழித்துப் போடுங்கள். பிறகு ஒரு ஆளை ஏணியோடு அனுப்பி, வாசல் ஃபிளெக்ஸ், பஸ் ஸ்டாண்டு எதிர்ப் பலகை, ஆட்டோ முதுகில் ஒட்டியது என்று எங்கெங்கே மாட்டினீர்களோ அங்கெல்லாம் விடியும் முன் கழற்றச் சொல்லுங்கள். மாட்டும்போதே இடங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அதில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரலாம். விட்டுப் போன ஒரு ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு மறுநாள் ஒருவர் வந்தால், அவருக்குப் பீஸைக் கொடுத்துவிட்டு, அந்த ஃபிளெக்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.